நடுவே நிற்கும் பட்டை

சுருள் வடிவான விண்மீன் மண்டலங்கள் பலவற்றின் நடுவே விண்மீன்களாலான நீண்ட பட்டை ஒன்று உண்டு. 1918-இல் ஹீபர் கர்டிஸ் இவற்றைக் கிரேக்க எழுத்தான 'ஃபை'க்கு ஒப்பிட்டார். 1926-இல் எட்வின் ஹபிள் தம் வகைப்பாட்டில் இவற்றுக்குத் தனியிடம் தந்தார். ஆயினும் பட்டை ஏன் தோன்றுகிறது என்பது நெடுநாள் விளங்கவில்லை.

1973-இல் ஆஸ்ட்ரைக்கர், பீபிள்ஸ் என்னும் இருவர் சில நூறு புள்ளிகளை விண்மீன்களாகக் கொண்டு கணிப்பொறியில் சுழலவிட்டனர். சீராகச் சுழன்ற தட்டு விரைவிலேயே குலைந்து பட்டையாயிற்று. வட்டப் பாதைகள் நீண்டு, ஒன்றையொன்று ஈர்த்து, ஒரே திசையில் அணிவகுப்பதே அதன் காரணம். கண்ணுக்குப் புலப்படாத பெரும்பொருள் சூழ்ந்திருந்தால்தான் தட்டு குலையாதிருக்கும் என்று அவர்கள் முடிவு செய்தனர். ஆனால் அப்பொருளே பட்டையின் சுழல் உந்தத்தை வாங்கிக்கொண்டு அதனை வலுப்படுத்தவும் செய்யும் என்று 2002-இல் அத்தனசூலா காட்டினார். தடையென எண்ணப்பட்டதே ஊட்டமும் ஆயிற்று!

வளர்ந்த பட்டை வாயுவை மையத்திற்கு இழுத்துச் சென்று அங்கே புதிய விண்மீன்கள் பிறக்க வழிசெய்கிறது. காலப்போக்கில் தன் வேகமும் குறைகிறது. நம் பால்வெளியின் நடுவிலும் பட்டை உண்டு என்பதற்கு 1991-இல் வலுவான சான்று கிடைத்தது.

2008-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுருள் மண்டலங்களை ஆராய்ந்தவர்கள், 700 கோடி ஆண்டுகளுக்கு முன் ஐந்தில் ஒரு பங்கே பட்டை பெற்றிருந்தது, இன்றோ மூன்றில் இரண்டு பங்கு பெற்றுள்ளது என்றனர். அதைப் படித்த நான், பட்டை முதிர்ச்சியின் முத்திரை என்றும், இறைவனின் பொறுமைக்கு அதுவே சான்று என்றும் மறையுரையில் உறுதிபடக் கூறினேன். மக்களும் மகிழ்ந்தனர். 2023-இல், பெருவெடிப்புக்குப்பின் ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளே கழிந்த காலத்து மண்டலம் ஒன்றிலும் பட்டை இருப்பதை வெப் தொலைநோக்கி காட்டியது. என் சான்று சரிந்தது.

பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ரு ஒரு குருவானவர். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்த அறிவியலைப் படைப்பின் உண்மையோடு இணைத்துப் பேசியபோது, லெமேத்ரு அதை விரும்பவில்லை. கருதுகோள் மாறக்கூடியது, அதன்மீது விசுவாசத்தைக் கட்டலாகாது என்பது அவர் நிலை. இதைக் குருமடத்திலேயே கற்றிருந்தும் நான் மறந்தேன்.

படைத்தல் என்பது என்றோ நிகழ்ந்து முடிந்த செயலன்று. இருப்பவை அனைத்தையும் இக்கணமும் இருக்கச் செய்வது என்று புனித தோமா அக்குவினார் கற்பித்தார். பட்டை முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் அந்த உண்மை அசையாது. அன்று என் பேச்சைக் கேட்டு மகிழ்ந்தவர்களுக்கு இத்திருத்தத்தைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். இறைவனின் பொறுமை பொய்யன்று; அதற்கு நான் காட்டிய சாட்சியே தவறு.