குடிமீட்சியும் வாக்குரிமையும்: சட்டம் பறிக்காததைப் பட்டியல் பறிக்கிறது

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கூலிக்குத் தறி நெய்யும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். குடிநோய் முற்றிய நிலையில் வெளியூர் மறுவாழ்வு மையம் ஒன்றில் மூன்று மாதம் தங்குகிறார். அந்த இடைவெளியில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் அவர் வீட்டுக்கு வருகிறார். கதவு பூட்டியிருக்கிறது, அல்லது, "அவர் இப்போது இங்கே இல்லை" என்று அண்டை வீட்டார் சொல்லிவிடுகின்றனர். அவர் திரும்பி வரும்போது உடல் தேறியிருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை.

இந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. 2025 நவம்பரில் தமிழகத்தில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் டிசம்பர் 19 அன்று வெளியானபோது, ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் அதில் இடம்பெறவில்லை. அவற்றுள் பெரும்பகுதி இடம்பெயர்ந்தோர், முகவரியில் இல்லாதோர் என்ற வகையில் சேர்க்கப்பட்டிருந்தது. சிகிச்சைக்காகச் சென்றவருக்கென்று அந்த வகைப்பாட்டில் தனி இடம் கிடையாது.

சட்டமோ இவ்வளவு கடுமையாக இல்லை. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 20, தற்காலிகமாக ஊரைவிட்டு அகன்றிருப்பதால் மட்டும் ஒருவர் தம் வழக்கமான வசிப்பிடத்தை இழந்தவர் ஆகமாட்டார் என்கிறது. மனநோய்ச் சிகிச்சை நிறுவனத்தில் இருப்பவரும் சிறையில் இருப்பவரும் அக்காரணத்தாலேயே அவ்விடத்துக் குடியிருப்பாளராகக் கருதப்படமாட்டார் என்றும் அதே பிரிவு கூறுகிறது. பட்டியலில் உள்ள ஒருவர் அவ்விடத்தில் வசிக்கவில்லை என்று கூறிப் பெயரை நீக்குமுன், அவருடைய விளக்கத்தைக் கேட்கவேண்டும் என்பது பிரிவு 22. விடுபட்டவர் படிவம் 6 வழியாக மீண்டும் விண்ணப்பிக்கலாம். மறுக்கப்பட்டால் பிரிவு 24இன்படி மாவட்ட ஆட்சியரிடமும், அடுத்துத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் வேட்புமனுத் தாக்கலுக்கான கடைசி நாள் கடந்துவிட்டால், அந்தத் தேர்தல் முடியும்வரை பெயர் சேர்க்க இயலாது. மையத்தில் சேர்ந்த நாளின் சீட்டைக் குடும்பத்தார் பத்திரப்படுத்தி வைத்திருந்தால், அலுவலரிடம் பேசுவது எளிதாகும்.

"குடித்துப் புத்தி கெட்டவனுக்கு ஓட்டு எதற்கு?" என்ற கேள்வியையும் இங்கே எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. சித்தசுவாதீனம் அற்றவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்திருந்தால் மட்டுமே அந்தக் காரணத்தால் வாக்குரிமை போகும். மது, போதைப் பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. அதே சட்டம், ஒருவருக்கு மனநோய் உண்டு என்று தீர்மானிப்பதால் மட்டுமே அவர் சித்தசுவாதீனம் அற்றவர் ஆகிவிடமாட்டார் என்றும் வரையறுத்தது. 2019 மக்களவைத் தேர்தலில் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பக வளாகத்திலேயே வாக்குச்சாவடி அமைக்கப்பட்டு, அங்கிருந்தோரில் 150க்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். மறுவாழ்வு மையங்கள் தங்களிடம் இருப்போரை வாக்குப்பதிவு நாளில் ஊருக்கு அனுப்பி வைப்பது அதைவிட எளிய காரியம்தான்.

உண்மையாகவே வாக்கு பறிபோகும் இடம் சிறை. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 62(5), சிறையிலோ காவல்துறையின் காவலிலோ இருப்பவர் வாக்களிப்பதைத் தடுக்கிறது. குற்றம் மெய்ப்பிக்கப்படாத விசாரணைக் கைதிக்கும் இது பொருந்தும். உச்ச நீதிமன்றம் 1997இல் இதைச் செல்லும் என்றது. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே, சாராய வியாபாரி என்று 1982ஆம் ஆண்டுக் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவர் அஞ்சல் வாக்குக்கு உரியவர். சில்லறை வழக்கில் பிணை கட்ட வழியின்றி உள்ளே இருக்கும் குடிநோயாளர் உரியவர் அல்லர். பிணைப் பணம் எந்தச் சேரியில் கிடைப்பதில்லை என்பது நம் வாசகர் அறிந்ததே.

1919இல் சவுத்பரோ குழுவின் முன் அண்ணல் அம்பேத்கர் ஒடுக்கப்பட்டோருக்கு வாக்குரிமை கேட்டபோது, சொத்தும் கல்வியும் இல்லாதவர் வாக்கை விற்றுவிடுவார் என்ற எண்ணம் ஆட்சியாளரிடம் வேரூன்றியிருந்தது. இன்று அது "ஒரு குவார்ட்டர், ஒரு பிரியாணி" என்ற கேலியாகச் சேரியை நோக்கியே வீசப்படுகிறது. பதிவான வரலாறு வேறு. பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் தமிழகத்தில் வாக்குப்பதிவை நிறுத்திய தொகுதிகள்: 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி. நான்கும் பொதுத்தொகுதிகள்.

ஆயினும் தேர்தல் காலம் மீள்பவருக்கு ஆபத்தான காலம் என்பதை மறைக்கத் தேவையில்லை. கொடி கட்டுவது, சுவரெழுத்து, பூத் வேலை எல்லாவற்றுக்கும் இரவில் பாட்டிலே கூலியின் ஒரு பகுதியாக வருகிறது. நெய்த சேலைக்குத்தான் காசு என்ற துண்டுக் கூலியில் வாழ்பவருக்கு, சட்டம் தரும் சம்பளத்துடன் கூடிய தேர்தல் விடுமுறை நடைமுறையில் எட்டுவதில்லை. பிரச்சார வேலைதான் அந்நாட்களின் வருமானம். வாக்குக்காக மது கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதையின்படி கையூட்டு. ஆனால் உணவும் மதுவும் கொடுக்கும் வகைக்குத் தண்டனை அபராதம் மட்டுமே. ஆறு மாதம் குடிக்காமல் இருந்தவர் அந்த ஓர் இரவில் இழப்பதற்கு அது ஈடாகாது. பிரச்சாரத்துக்குச் செல்லும் மீள்பவரோடு மற்றொரு மீள்பவரும் துணை செல்வதே நாமறிந்த எளிய காப்பு. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் கடைகள் மூடப்படும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடிய நேரமும் ஏறத்தாழ அதுவே. அத்தகையவரை முன்கூட்டியே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

வாக்களிப்பதோடு இது முடிவதில்லை. மதுக்கொள்கை மீள்பவரின் தெருவைத் தீர்மானிக்கிறது. காஞ்சிபுரத்தில் பிறந்து, 1957இல் இங்கே வென்று, 1962இல் இங்கேயே தோற்ற அண்ணாவின் ஆட்சி மதுவிலக்கைத் தொடர்ந்தது. அவர் மறைந்தபின் 1971இல் அது தளர்த்தப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. 2023-24இல் அரசுக்கு வந்த மது வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் கணக்கு முடிந்த சில மாதங்களில், 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தோரில் பலர் தலித் மக்கள். அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மகளிர் மாநாடு மது ஒழிப்பை மீண்டும் அரசியல் கோரிக்கையாக்கியது. முழு மதுவிலக்கா, கடைக் குறைப்பா, சிகிச்சைக்குக் கூடுதல் நிதியா என்பதில் மீள்பவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மற்றவர் அவர்களுக்காகப் பேசிக்கொண்டிருக்கும்வரை அந்த வேறுபாடு வெளியே தெரியாது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் தங்கள் பத்தாவது மரபின்படி வெளி விவகாரங்களில் கருத்துச் சொல்வதில்லை. 1840இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தொடங்கிய வாஷிங்டோனியன் இயக்கம் அரசியல் சர்ச்சைகளில் சிதறியதைக் கண்டு அவர்கள் வகுத்துக்கொண்ட நெறி அது. அந்த நெறி குழுவுக்கு உரியது. குழுவுக்கு வெளியே, உறுப்பினர் தம் சொந்தப் பெயரில் பேசத் தடையேதும் இல்லை. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் அதற்குக் கிராம சபை உண்டு. பிள்ளையார்பாளையம் மாநகராட்சிக்குள் வருவதால் இங்கே பகுதி சபை. 2022 நவம்பர் 1 முதல் தமிழக நகரங்களில் இது கூடிவருகிறது. கடை எங்கே இருக்கவேண்டும், அரசு மருத்துவமனையில் குடிநோய்ச் சிகிச்சைக்குப் படுக்கை உண்டா என்று அங்கே எழுந்து கேட்கலாம். அங்கே உட்காரும் உரிமைக்கும் வாக்காளர் பட்டியலே அடிப்படை.