‘இண்டியன் சம்மர்’ என்பது இந்தியக் கோடையல்ல

ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் தருவோரை அடிக்கடி இடறச் செய்யும் மரபுத்தொடர்களுள் ‘இண்டியன் சம்மர்’ என்பதும் ஒன்றாகும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது ‘இந்தியக் கோடை’ என்றாகிவிடும். அதனைப் படிக்கும் எமது வாசகர்களின் மனதில் ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவை வாட்டும் கடும் வெயிலே தோன்றும். ஆனால் இத்தொடருக்கும் இந்திய நாட்டுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆங்கிலத்தில் இதமான ஒன்றைக் குறிக்கும் தொடர், தமிழுக்கு வரும்போது சுட்டெரிக்கும் ஒன்றாக மாறிவிடுகின்றது. எனவே இதன் பொருளையும் பாவனையையும் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

வட அமெரிக்காவில் செப்டெம்பர் மாதப் பிற்பகுதியில் இலையுதிர் காலம் ஆரம்பமாகின்றது. குளிர் படிப்படியாகக் கூடி, முதல் உறைபனியும் விழுந்த பின்னர், ஒக்டோபர் அல்லது நவம்பர் மாதத்தில் சில நாட்களுக்கு வெப்பம் மீண்டும் திரும்புவதுண்டு. உயர் அமுக்கப் பிரதேசமொன்று ஓரிடத்தில் நிலைகொள்வதே இதற்குப் பிரதான காரணமாகும். அப்போது காற்று அடங்கிவிடும். வானம் தெளிந்து, பகல் இளஞ்சூடாகவும் இரவு குளிராகவும் இருக்கும். தொலைவில் மெல்லிய புகார் படர்ந்திருக்கும். சில நாட்களில் இவையனைத்தும் மறைந்து குளிர்காலம் வந்துவிடும். ஆகவே காலந்தாழ்த்தி வருவதும், குறுகிய காலமே நிலைப்பதும் இத்தொடரின் பொருளில் அடங்கிய இரண்டு அம்சங்களாகும்.

இங்கு ‘இண்டியன்’ எனப்படுவோர் அமெரிக்காவின் பூர்வீகக் குடிகளாவர். தமிழில் செவ்விந்தியர் என நீண்டகாலமாக அழைக்கப்பட்டு வந்தோர் இவர்களே. 1492 இல் கடல் கடந்து சென்ற கொலம்பஸ், தாம் அடைந்த நிலம் ஆசியாவின் இந்தியப் பகுதியே என நம்பியதால் ஏற்பட்ட பெயர் அது. நியூயோர்க் பகுதியில் விவசாயம் செய்துவந்த பிரெஞ்சுக்காரரான கிறெவ்கூர் 1778 இல் எழுதிய கட்டுரையொன்றில் இத்தொடர் காணப்படுகின்றது. அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய பாவனை அதுவேயாகும். பூர்வீகக் குடிகள் வேட்டைக்குச் செல்லும் காலம் என்பதால் இப்பெயர் வந்தது என்பர் சிலர். அவர்கள் புல்வெளிகளுக்கு மூட்டிய தீயின் புகையே இப்பெயருக்குக் காரணம் என்பர் வேறு சிலர். 1902 இல் இத்தொடரின் வரலாற்றை ஆராய்ந்த அல்பேர்ட் மத்தியூஸ், இவ்விளக்கங்களுள் எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்றே முடிவு செய்தார்.

பிரித்தானியாவில் இத்தகைய நாட்களுக்கு வேறு பெயர்கள் வழங்கின. நவம்பர் 11 ஆம் திகதி வரும் புனித மார்ட்டின் திருநாளையொட்டி ‘புனித மார்ட்டின் கோடை’ என்றனர். ஷேக்ஸ்பியரின் நாடகத்திலும் இப்பெயர் இடம்பெற்றுள்ளது. ஜேர்மன் மொழியில் ‘கிழவியர் கோடை’ எனவும், ரஷ்ய மொழியில் ‘பெண்கள் கோடை’ எனவும் பொருள்படும் பெயர்கள் வழங்குகின்றன. அமெரிக்காவிலிருந்து வந்த பெயரே பின்னர் பிரித்தானியாவிலும் நிலைத்தது. அங்கு உறைபனி விழுந்ததா என்பதைப் பலரும் கவனத்திற் கொள்வதில்லை. 2011 ஒக்டோபர் 1 ஆம் திகதி கென்ட் பிரதேசத்தின் கிறேவ்ஸெண்ட் நகரில் 29.9 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானபோது, பத்திரிகைகள் இத்தொடரையே தாராளமாகப் பயன்படுத்தின. எனினும் கோடையின் நடுவே வரும் வெப்ப அலையை இவ்வாறு அழைப்பது தவறாகும்.

இத்தொடர் மனித வாழ்வுக்கும் பொருத்தப்படுகின்றது. ஒருவரது சிறப்பான காலம் முடிந்துவிட்டதென உலகம் எண்ணியிருக்கும் வேளையில் அவருக்கு மீண்டும் வாய்க்கும் மலர்ச்சியை இது குறிக்கும். 1864 இல் பிறந்த ஜேர்மனிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், எண்பது வயதை அண்மித்தும் கடந்தும் தமது மிகச் சிறந்த ஆக்கங்கள் சிலவற்றைப் படைத்து 1949 இல் மறைந்தார். அவரது அவ்விறுதி ஆண்டுகளை விமர்சகர்கள் இத்தொடராலேயே குறிப்பிடுகின்றனர். இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. குளிர்காலம் அருகில் உள்ளது என்ற குறிப்பு இப்பாராட்டினுள் மறைந்திருக்கின்றது. வெற்றியின் உச்சியிலுள்ள இளைஞருக்கு இது பொருந்தாது. முதியவர் ஒருவரை நேரில் வாழ்த்தும்போது இதனைக் கூறினால், முடிவு நெருங்கிவிட்டதென அவர் விளங்கிக்கொள்ளவும் கூடும்.

பிறர் சூட்டிய தவறான பெயரைப் பூர்வீகக் குடிகள் மீது தொடர்ந்து சுமத்துவது முறையா என்ற கேள்வியும் அமெரிக்காவில் எழுந்துள்ளது. இதனால் ‘இரண்டாவது கோடை’ என்ற பெயரை விரும்புவோர் அங்கு உளர்.

எமது நாட்டில் இலையுதிர் காலமும் இல்லை, உறைபனியை எதிர்பார்த்திருக்கும் வழக்கமும் பொதுவாக இல்லை. எமது காலக்கணிப்பு பருவமழைகளைச் சார்ந்தது. ஆதலால் இத்தொடருக்கு நேரொத்த தமிழ் வழக்கைத் தேடுவது வீண் முயற்சியாகும். காலநிலைச் செய்தியாயின் ‘இலையுதிர் காலத்து இளவெப்பம்’ எனவும், மனித வாழ்வைப் பற்றியதாயின் ‘பிற்கால மலர்ச்சி’ எனவும் எழுதலாம். இந்தியாவின் உண்மையான கோடையைச் சுட்டியும் சில ஆங்கில நூல்களின் தலைப்புகளில் இத்தொடர் சிலேடையாகக் கையாளப்படுவதுண்டு. எனவே செய்தி எந்நாட்டைப் பற்றியது, எம்மாதத்தில் நிகழ்ந்தது என்பதை முதலில் உறுதிசெய்த பின்னரே மொழிபெயர்ப்பாளர்களும் மாணவர்களும் பேனாவை எடுக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.