ஆமைக்குக் காவல்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். நீடாமங்கலத்தில் நான் வளர்ந்த வீட்டில் இரண்டுமே புகுந்திருக்கின்றன. அமீனா வந்தது அப்பா வாங்கிய கடனுக்கு. ஆமை வந்தது ஓர் ஐப்பசி மழையில், கொல்லைக் குளம் நிரம்பி வழிந்தபோது. பாட்டி அதை முறத்தில் ஏந்திக்கொண்டு போய்க் குளத்தில் விட்டு, தலை முழுகிவிட்டு வந்தாள். வந்தவள் சொன்னாள்: "மீன் பார்த்தே குஞ்சு பொரிக்கும். பட்சி தொட்டுப் பொரிக்கும். ஆமை எங்கேயோ இருந்துண்டு நினைச்சே பொரிக்கும்டா." குரு சீடனுக்குத் தீட்சை தரும் மூன்று விதங்களுக்கு இது உவமை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

எங்களுடையது ஆற்றோர ஊர். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பு பக்கத்திலேயே இருக்கிறது; கடல்தான் தூரம். கடலாமையை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. சென்னைக் கடற்கரையில், ஒரு மாசி மாத நடுநிசியில், கல்லூரிப் பிள்ளைகள் சிலரோடு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கி நடந்துகொண்டிருந்தேன்.

ஆலிவ் ரிட்லி என்று வெள்ளைக்காரன் பெயரிட்ட இந்த ஆமைக்கு நம் மீனவர்கள் வைத்த பெயர் பங்குனி ஆமை. தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை இரவில் கரையேறி, பின்கால்களால் குடம் போலக் குழி பறித்து, சுமார் நூறு முட்டை இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. முட்டையைப் பொரிப்பது தாயின் நினைவு அல்ல, மணலின் சூடு. சூடு மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண். நாற்பத்தைந்து நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் குஞ்சுகள் வெளியே வருகின்றன. வந்ததும் வெளிச்சமுள்ள திக்கை நோக்கி ஓடும். ஆதிநாள் தொட்டு இரவில் வெளிச்சமான திக்கு கடலாகத்தான் இருந்தது. இப்போது தெருவிளக்கு இருக்கிறது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடி, நாய்க்கும் காக்கைக்கும் இரையாகின்றன.

சங்கப் புலவர்கள் இந்த ஆமையை அறிந்திருந்தார்கள். அகநானூற்றின் 160ஆம் பாட்டில் பெண் ஆமை மணலில் முட்டையைப் புதைத்துவிட்டுப் போகிறது. குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை காவல் இருக்கிறது. இயற்கையில் அப்படி ஒரு கணவன் கிடையாது. ஆண் ஆமை கரைக்கே வருவதில்லை. ஆனால் யாராவது ஒருவர் காவல் இருக்கக்கூடாதா என்று அந்தப் புலவர் மனம் ஏங்கியிருக்கிறது.

காலியாகக் கிடந்த அந்தக் காவல் வேலையைச் சென்னையில் 1970களின் தொடக்கத்தில் சில இளைஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ரோமுலஸ் விட்டேக்கர் நிறுவிய பாம்புப் பண்ணையைச் சுற்றித் திரண்டவர்கள் அவர்கள். இரவில் கடற்கரையில் நடந்து, திருடனுக்கும் நாய்க்கும் முந்திக்கொண்டு முட்டைகளை எடுத்து, வேலியடைத்த இடத்தில் புதைத்தார்கள். பிறகு கடல் மீன் ஆராய்ச்சி நிலையமும், 1980களில் வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்தின. அது நின்றுபோனபோது, 1988ல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு அதைக் கையில் எடுத்தது. அன்று நான் கூட நடந்தது அதன் வழிவந்த பிள்ளைகளோடுதான்.

அந்த முதல் கூட்டத்தில் சதீஷ் பாஸ்கர் என்று ஒருவர். சென்னை ஐ.ஐ.டி. படிப்பைப் பாதியில் விட்டு, ஆமையைத் தேடி இந்தியக் கடற்கரைகளையெல்லாம் கால்நடையாக அளந்தார். 1982ல் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் மழைக்காலம் முழுவதும் தனியாகத் தங்கினார். மனைவிக்குக் கடிதம் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். இலங்கை மீனவர் ஒருவர் அதைக் கண்டெடுத்துத் தபாலில் சேர்த்தார். 2023ல் பாஸ்கர் காலமானார்.

அன்றிரவு ஒரு குழி கிடைத்தது. முட்டைகளை எடுத்துப் பையில் வைக்கும் வேலை எனக்கு. "லாபம், இரண்டு, மூன்று" என்று எண்ண ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் நெல் அளக்கிறபோது ஒன்று என்று சொல்லமாட்டோம். ஒரு மாணவி சிரித்தாள். நூற்றுப் பதினான்கில் முடிந்தது.

ஆயிரம் குஞ்சில் ஒன்று வளர்ந்தால் அதிகம் என்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வரமுடியாமல் ஆமை இறந்துபோகும். பத்து, பதினைந்து வருஷம் பிழைத்துக் கிடந்து தாயாகி வந்தவை அவை. இதையெல்லாம் நினைத்து, "ஆயிரத்தில் ஒன்றுக்கா இவ்வளவு நடை?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"அந்த ஒண்ணு எதுன்னு தெரியாதே, சார். அதனாலே எல்லாத்தையும் எடுக்கணும்" என்றாள்.

பையைத் தூக்கிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தோம். ஆட்டாமல், அசைக்காமல், பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி கொண்டுபோக வேண்டும் என்றார்கள். கை கடுத்தது. பாட்டி முறத்தை ஏந்திக்கொண்டு குளத்துக்குப் போனது ஞாபகம் வந்தது. ஒன்று மட்டும் வித்தியாசம்: விடிந்து வீட்டுக்கு வந்தபோது எனக்குத் தலை முழுகத் தோன்றவில்லை.