ஐயனார் குதிரையும் ஜெய்சங்கர் குதிரையும்

தஞ்சாவூர் ஜில்லாக்காரன் சினிமா ரசனை உள்ளவன் என்றால் ‘தில்லானா மோகனாம்பாள்’ பேரைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் பெரியப்பா போட்ட சட்டம் அது. நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த ஊரில் குதிரை, துப்பாக்கி, தொப்பி என்று அலைகிறவன் உருப்பட மாட்டான் என்பார். நான் அலைந்தேன்.

1972, நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷம். கர்ணன் இயக்கிய ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ இரண்டும் அந்த ஒரே வருஷத்தில் வந்தன. இரண்டிலும் ஜெய்சங்கர்தான். டவுனில் ஓடி முடித்து எங்கள் டூரிங் கொட்டகைக்கு வர மாதக் கணக்காகும். தை அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் நேரம் அது. ஒலிபெருக்கியில் சீர்காழியாரின் பிள்ளையார் பாட்டு கேட்டால் சைக்கிளை மிதிக்க வேண்டியதுதான். தரை டிக்கெட். மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்தால் முன்னால் இருப்பவன் தலை மறைக்காது. பின்னால் இருப்பவன் திட்டுவான். ஒரே புரொஜெக்டர், ஆகவே ரீல் மாற்ற மூன்று நாலு இடைவேளை.

எங்கள் பக்கம் குதிரை ஏது? கும்பகோணம் ஸ்டேஷன் வாசலில் கொள்ளு மென்றுகொண்டு நிற்கும் வண்டிக் குதிரை ஒன்று. ஊர் எல்லையில் ஐயனாரின் மண் குதிரை ஒன்று. இரண்டும் ஓடிப் பார்த்ததில்லை. மலையும் கிடையாது, எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல், வரப்பு, வாய்க்கால். பாறைகளுக்கு நடுவே புழுதி கிளப்பிக்கொண்டு குதிரை பாய்ந்தபோது எங்களுக்கு அது வேறு கிரகம்.

இத்தாலிக்காரரான செர்ஜியோ லியோனி 1964-இல் ஸ்பெயினில் வைத்து அமெரிக்கக் கதையை எடுத்தார். அந்தக் காற்று இங்கேயும் வீசியது. அடிப்படையில் ஒளிப்பதிவாளரான கர்ணன் 1970-இல் ‘காலம் வெல்லும்’ எடுத்தார். தெலுங்கில் 1971-இல் கிருஷ்ணா நடித்த கௌபாய் படம் ‘மோசக்காரனுக்கு மோசக்காரன்’ என்று தமிழ் பேசிக்கொண்டு வந்தது. அதற்கு முன்பே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) எடுத்து ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் ஆக்கியிருந்தது. அவர் பிறந்தது கும்பகோணத்தில். இதைச் சொல்லிப் பெரியப்பாவை மடக்கப் பார்த்தேன். “அதனால் என்ன, கும்பகோணத்தில் கொசுவும்தான் பிறக்கிறது” என்றார்.

கர்ணனின் குதிரைத் துரத்தலை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு மூச்சு முட்டுகிறது. கம்ப்யூட்டர் வித்தை இல்லாத காலத்தில், நிஜக் குதிரையையும் நிஜ மனிதரையும் வைத்து எடுத்தது. அவர் பெயரை எத்தனை பேர் சொல்கிறோம்?

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் படங்களில் அருவிக் குளியல் காட்சிகளும் உண்டு. அவை வரும்போது ஆண்கள் பக்கம் விசில் பறக்கும். விசிலடித்தவர்களில் நானும் ஒருவன். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் தரையில் என் அக்கா இருந்தாள். வீடு திரும்பும்வரை அவள் என்னோடு பேசவில்லை. அதன்பின் இந்த மாதிரிப் படத்துக்கு வரவும் இல்லை. பெரியப்பாவுக்குப் பதில் சொல்ல எனக்கு நூறு வார்த்தை இருந்தது. அக்காவுக்குச் சொல்ல இன்றுவரை ஒன்றும் அகப்படவில்லை.

2010-இல் சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ வந்தபோது தஞ்சாவூரில் போய்ப் பார்த்தேன். அதில் ஓர் ஊரின் பெயர் ஜெய்சங்கர்புரம். நான் உரக்கச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்து, “என்ன சார் ஜோக்கு?” என்றான்.