பள்ளி என்னும் பழஞ்சொல்

நாள்தோறும் ஐவேளை நாம் தொழச் செல்லும் இறையில்லத்தைப் பள்ளிவாசல் என்கிறோம். நம் பிள்ளைகள் கல்வி பயிலும் இடத்தையும் பள்ளி என்றே அழைக்கிறோம். இவ்விரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்தது எவ்வாறு?

பள்ளி என்பதன் பழம்பொருள் படுக்கை, உறைவிடம் என்பதாகும். துயில்வதைப் பள்ளிகொள்ளுதல் என்பர். மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் மலைக்குகையில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட தமிழிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கணிநந்தன் என்னும் சமணத் துறவிக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளர் அமைத்தளித்த உறைவிடத்தை அது பள்ளி என்று குறிக்கிறது. பின்னர் பௌத்தரின் விகாரங்களும் அப்பெயர் பெற்றன. நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்தைச் சோழர் செப்பேடு இராசராசப் பெரும்பள்ளி என்கிறது. துறவியர் தங்கிய இடங்களிலேயே கல்வியும் புகட்டப்பட்டதால் பள்ளிக்கூடம் என்னும் வழக்குப் பிறந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து.

கடல்வழி வந்த அரபு வணிகரும் இம்மண்ணில் இஸ்லாத்தை ஏற்ற நம் முன்னோரும் தொழுகைக்கு இல்லம் எழுப்பியபோது, தமிழ் அதற்கும் இதே சொல்லை வழங்கிற்று. இராமநாதபுரத்தை அடுத்த திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகரின் பிழார் பள்ளிக்கு மன்னன் அளித்த கொடையை அது கூறுகிறது. தொழுகை இல்லத்துக்கு வழங்கிய கொடைக்குக் கோயிலே சான்றாக நிற்கிறது! மலையாளத்திலோ மசூதி, தேவாலயம், யூதர் ஆலயம் மூன்றுமே பள்ளிதான்.

அரபியில் மஸ்ஜித் என்றால் சிரம் பணியும் இடம். அப்படியாயின், உறைவிடத்தையும் கல்வியையும் உணர்த்தும் தமிழ்ச்சொல் அதற்குப் பொருந்துமா என ஐயுறலாம். மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய மஸ்ஜிதை எண்ணிப் பார்ப்போம். பேரீச்ச மரத்தூண்களும் ஓலைக் கூரையும் கொண்ட அந்த எளிய இல்லத்தின் ஒருபுறம் ஸுஃப்பா என்னும் திண்ணை இருந்தது. வீடற்ற ஏழைத் தோழர்கள் அங்கேயே உறங்கினர். அங்கேயே மார்க்கம் கற்றனர். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அத்திண்ணையில் வாழ்ந்தவரே. தங்குமிடம், கல்விக்கூடம், தொழுமிடம் ஆகிய மூன்றும் அங்கு ஒன்றாயிருந்தன. அவ்வகையில் பள்ளி என்னும் சொல் மஸ்ஜிதுக்கு அயலானதன்று.

இன்று நம் நிலை யாது? பளிங்குத் தரையும் உயர்ந்த மினாராவும் அமைக்கிறோம். ஆயினும் பல ஊர்களில் ஜமாஅத் முடிந்ததும் கதவு பூட்டப்படுகிறது. வழிப்போக்கர் சற்றுத் தலைசாய்க்க இடமில்லை. பிள்ளைகள் ஓதும் மக்தபோ ஆளின்றித் தேய்கிறது. பாதுகாப்புக் கருதிப் பூட்டுவோரின் கவலையை நாம் அறிவோம். எனினும் ஓர் அறையையேனும் பயணிக்கும், ஒரு மூலையையேனும் படிக்கும் பிள்ளைக்கும் ஒதுக்க நம்மால் இயலாதா?

பெயரை முன்னோர் தந்தனர். அதன் பொருளைக் காப்பது நம் கடமை. அதற்கு அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக!