தொட்டிலில் அபின்

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், இங்கிலாந்து நாட்டு மளிகைக் கடைகளில் சோப்பும் மெழுகுவத்தியும் இருந்த அலமாரியிலேயே ஒரு மருந்துப் புட்டியும் இருக்கும். 'காட்ஃப்ரே கார்டியல்' என்பது அதன் பெயர். அபினும் சர்க்கரைப் பாகும் தண்ணீரும் சிறிது வாசனைச் சரக்கும் சேர்ந்ததுதான் அந்த மருந்து. வயிற்று வலிக்கு, பல் முளைக்கும் தொல்லைக்கு என்று சொல்லிக் குழந்தைகளுக்குப் புகட்டினார்கள். பெரும்பாலும் உண்மைக் காரணம் வேறு: குழந்தை அழாமல் கிடக்கவேண்டும்.

பஞ்சாலைக்குப் போகும் தாய் விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். கைக்குழந்தையை அண்டை வீட்டுக் கிழவியிடமோ, ஏழெட்டு வயதுச் சிறுமியிடமோ விட்டுச் செல்வாள். பல குழந்தைகளைக் கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் கிழவிக்கு அந்தப் புட்டியே பெரிய துணை. கவென்ட்ரி நகரில் மட்டும் வாரந்தோறும் 10 காலன் கார்டியல் விற்றது என்றும், அது 12,000 வேளைக்குப் போதுமானது என்றும் அக்காலத்தில் கணக்கிட்டார்கள்.

அபினிலுள்ள மார்ஃபீன் மூளையில் மூச்சை இயக்கும் பகுதியை மந்தப்படுத்துகிறது. அதை விரைவில் சிதைத்து வெளியேற்றும் திறன் பச்சிளங் குழந்தையின் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இன்னும் வந்திருக்காது. எனவே சில துளி கூடினாலும் மூச்சு நின்றுவிடும். கார்டியலின் வீரியமோ கடைக்குக் கடை வேறுபட்டது. போதாக்குறைக்கு அபின் புட்டியின் அடியில் படிந்துவிடும். கலக்காமல் ஊற்றினால் கடைசி வேளைகள் நஞ்சாகிவிடும். ஆயினும் உடனே இறந்த குழந்தைகளைவிட மெல்ல மெல்ல இறந்தவையே அதிகம் எனலாம். பசி மரத்துப்போன குழந்தை பாலுக்கு அழாது. அழாத குழந்தைக்குப் பால் கொடுப்பவர் யார்? உடல் வற்றி, முகம் கிழடு தட்டி அது மடியும்போது, 'பலவீனம்' என்றோ 'வலிப்பு' என்றோ மரணப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். 1863 முதல் 1867 வரை அபின் நஞ்சினால் இறந்ததாகப் பதிவான ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 235. இது பதிவேட்டுக்குள் வந்த கணக்கு மட்டுமே.

கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலப் பகுதியில் ஆலைகள் இல்லை. இருந்தும் அங்கும் ஆலை நகரங்களைப் போலவே குழந்தைகள் இறந்தன. காரணம் மலேரியாவாக இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். அரசாங்கத்துக்காக ஆராய்ந்த டாக்டர் ஹன்டர் 1864-இல் வேறு விடை கூறினார். சதுப்பு வற்றி விளைநிலமாகவே, பெண்கள் கூட்டங்கூட்டமாய்த் தொலைவு வயல்களுக்குக் கூலிக்குப் போயினர். பெரியவர்களே அபினுக்குப் பழகிய ஊர் அது. வீட்டிலிருந்த அபின் தொட்டிலுக்கும் போயிற்று.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் வியக்கவைப்பது லங்காஷயரில் நடந்ததுதான். 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. பருத்தி வரத்து நின்றது. (அப்போதுதான் இந்தியப் பருத்திக்குத் திடீர் மவுசு வந்தது.) ஆலைகள் மூடப்பட்டு, இலட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். மக்களின் நிலையை அறிய அனுப்பப்பட்ட டாக்டர் எட்வர்டு ஸ்மித், பட்டினிக்கிடையே ஒரு நன்மையையும் கண்டு எழுதினார். வேலையில்லாத தாய்மார்களுக்குத் தங்கள் குழந்தைகளுக்குக் கார்டியல் புகட்டாமல் தாய்ப்பால் கொடுக்க நேரம் கிடைத்திருந்தது! எந்தப் பிரசாரமும் அந்தப் புட்டியைத் தூக்கி எறியச் செய்யவில்லை. ஆலை மூடியது, அவ்வளவுதான்.

1868-இல் வந்த மருந்தகச் சட்டம், தேர்ச்சி பெற்ற மருந்தாளர்களே அபின் விற்கலாம், 'நஞ்சு' என்று சீட்டு ஒட்டவேண்டும் என்றது. சாவுகள் குறைந்தன. எனினும் பேட்டன்ட் மருந்துகளுக்கு விலக்கு அளித்து, சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்தது. தாயில்லாத நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பது என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அந்தக் கேள்வி நம் நாட்டுக்கும் வந்தது. பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் 'பால கோலி' என்ற அபின் உருண்டை குழந்தைகளைத் தூங்கவைத்தது. 1931-இல் அறிக்கை தந்த விட்லி தொழிலாளர் கமிஷன் இப்பழக்கத்தைக் குறிப்பிட்டதோடு, ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் சொல்லிற்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 1976-இல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. தொழிற்சாலைத் தொட்டில்களில் குழந்தைகளைக் கண்டவர்களில் எத்தனை பேர் அவற்றுக்குப் பின்னாலிருந்த அபினை நினைத்திருப்பார்கள்!

இப்போது குழந்தைக்கு ஆபத்து பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது. போதைக்கு அடிமையாவது தாய் அல்லது தந்தை. கவனிப்பாரின்றித் தவிப்பது குழந்தை. 2003-இல் பிரிட்டனில் வெளியான ஓர் அரசு ஆலோசனைக் குழுவின் அறிக்கை, அந்நாட்டில் இத்தகைய குழந்தைகள் 2,50,000 முதல் 3,50,000 வரை இருக்கலாம் என மதிப்பிட்டது. பெற்றோருக்குத் தக்க சிகிச்சை அளிப்பது குழந்தைக்குப் பெரும் பயன் தரும் என்றும் கூறியது. 2008-இல் லண்டனில் இதற்கென ஒரு தனி நீதிமன்ற முறையைத் தொடங்கினார்கள். குழந்தையைப் பிரிப்பதா வேண்டாமா என்ற வழக்கு நடக்கும்போதே தாய்க்கும் தந்தைக்கும் சிகிச்சை நடக்கும். வீட்டுப் பிரச்சினைக்கும் உதவி கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வக்கீல்கள் இல்லாமல், அதே நீதிபதி அவர்களை நேரில் அழைத்து 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்பார்.