அரசன் செவியும் அவையின் செவியும்

மன்றத்தின் பொன்விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டார். தலைப்பை மலர்க்குழுவே முடிவுசெய்து அனுப்பியிருந்தது: நாடாளுமன்றத்தின் அன்றாட நடவடிக்கையும் அங்கே குடிமக்கள் கொடுக்கும் மனுவும். செப்பேடும் கல்வெட்டுமாகக் காலம் கழித்தவனுக்கு டெல்லியில் என்ன வேலை என்று நண்பர்கள் சிரித்தார்கள். மறுக்க மனம் வரவில்லை. குற்றாலநாதர் திருவருளால் இந்த மன்றத்து மேடையில் பல மாலைகள் பேசியிருக்கிறேன்; கேட்டதைக் கொடுப்பது கடமை. தவிரவும், முறையீட்டைக் கேட்பதும் கேட்டதை எழுதிவைப்பதும் தென்பாண்டி நாட்டுக்கு யாரோ கப்பலில் கொண்டுவந்து இறக்கிய வித்தை அல்ல.

பணிந்த பாண்டியன்

நம் தென்காசிக் கோயிலின் இராசகோபுரம் மொட்டையாக நின்ற கதையும், 1990இல் குடமுழுக்குக் கண்ட கதையும் இந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது கோயிலில் வெட்டியிருக்கும் ஒரு பாட்டைப் பற்றி. 1446இல் காசி விசுவநாதருக்குத் திருப்பணி தொடங்கிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன், இக்கோயிலுக்குப் பின்னாளில் ஏதேனும் பழுது நேருமானால் அதை நீக்கிக் காக்கப்போகிறவர்கள் யாராக இருந்தாலும், உலகம் அறிய அவர்களைப் பணிகிறேன் என்று அதில் சொல்கிறான். முடிசூடிய மன்னன், இன்னும் பிறக்காத குடிமக்களிடம் விண்ணப்பம் செய்கிறான். மனு என்றாலே கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்குத் தலையைச் சொறிந்துகொண்டு நீட்டும் காகிதம் என்று நாம் நினைக்கிறோம். பராக்கிரம பாண்டியன் அப்படி நினைக்கவில்லை. செய்ய வேண்டிய காரியம் பெரிது; கேட்பவன் யார் என்பது சிறிது. ஐந்நூறு ஆண்டு கழித்துக் கோபுரத்தை மீண்டும் எழுப்பி அந்த விண்ணப்பத்துக்கு நம் மக்கள் விடை கொடுத்தார்கள் என்ற பெருமையோடு மேலே செல்கிறேன்.

கொற்கைகிழானின் வழக்கு

மனுவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1215ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்குவார்கள். தொடங்கட்டும். அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட வேள்விக்குடிச் செப்பேட்டில் தொடங்குவது என் வழக்கம். கி.பி. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. நெடுஞ்சடையன் பராந்தக பாண்டியனின் மூன்றாம் ஆட்சியாண்டு. பத்து ஏடுகள், வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும். இன்று அது இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது ஒரு தனிக் குறை.

கூடல் நகரில் அரசன் உலா வரும்போது ஒருவன் உரக்க முறையிடுகிறான். நம் பொருநை கடலில் கலக்கும் பக்கத்துக் கொற்கைக்கு உரிய கிழான், காமக்காணி நற்சிங்கன். அரசன் பல்லக்கை மேலே செலுத்தச் சொல்லவில்லை. உன் குறை என்ன என்று கேட்கிறான். முதுகுடுமிப் பெருவழுதி வேள்வி முடிவில் தன் முன்னோன் நற்கொற்றனுக்கு வேள்விக்குடியைக் கொடுத்ததையும், களப்பிரர் காலத்தில் அது பறிபோனதையும், கடுங்கோன் நாட்டை மீட்டும் இந்த ஊர் மட்டும் திரும்பாமல் போனதையும் நற்சிங்கன் வரிசையாகச் சொல்கிறான்.

இங்கேதான் அந்தச் செப்பேட்டின் உயிர் இருக்கிறது. அரசன் இரக்கப்பட்டு உடனே ஊரைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை, கோபமும் படவில்லை. புன்முறுவல் பூத்து, உன் பழைய உரிமையை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பித்துப் பெற்றுக்கொள் என்றான். நற்சிங்கன் நாட்டாரை வைத்து நிறுவினான். முன்னோர் கொடுத்ததை நானும் கொடுத்தேன் என்று அரசன் நீர் வார்த்தான். வந்த முறையீடு, கேட்ட கேள்வி, காட்டிய சான்று, பிறந்த ஆணை அத்தனையும் செம்பில் ஏறின. முறையிடுவதும் சான்று காட்டுவதும் குடியின் வேலை. ஆராய்வதும் பதிவுசெய்வதும் அரசின் வேலை. இந்த ஒப்பந்தத்தில் கெஞ்சுவதற்கு இடமே இல்லை.

சங்கப் பாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. புறநானூற்றின் 35ஆம் பாட்டு, வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் வைத்த நிலவரி விண்ணப்பம். அதைப் பாடித்தான் அவர் பழைய வரிக்கடனை நீக்கிக்கொண்டார் என்று பாட்டின் அடிக்குறிப்பு கூறுகிறது. உன் வெண்கொற்றக் குடை வெயிலுக்குப் பிடித்தது அன்று, குடிகளின் துயர் மறைக்கப் பிடித்தது. உன் படை பெறும் வெற்றி உழுகிறவன் கலப்பையில் விளைந்தது. மழை பொய்த்தாலும் உலகம் அரசனைத்தான் பழிக்கும். இவ்வளவும் சொல்லியபின், புறங்கூறுவார் பேச்சைத் தள்ளி உழவனைக் காப்பாயாக என்று முடிக்கிறார். எனக்குப் பிடித்தது அதன் கட்டுக்கோப்பு. புகழ்ச்சி அளவோடு நிற்கிறது, வாதம் நீள்கிறது, கோரிக்கை ஒன்றே ஒன்று.

கோரிக்கை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை நம் குற்றாலத்துத் திருவாசகமும் காட்டும். திருப்புலம்பலில் மணிவாசகர், உறவு வேண்டாம், ஊர் வேண்டாம், பேர் வேண்டாம், கற்றவர் கூட்டமும் இனி வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக் குற்றாலத்துக் கூத்தனிடம், கன்றை நினைத்த பசுவைப்போல உருகும் மனம் ஒன்றை மட்டும் கேட்கிறார். பாண்டியனின் அமைச்சராக இருந்து எத்தனை விண்ணப்பம் படித்தவரோ! கண்ணகி வழக்கை விரித்தால் மலர் தாங்காது. வாயிற்காவலன் தடுக்காமல் உள்ளே சொன்னான், அரசன் உடனே வரச்சொன்னான், சிலம்பைக் கொண்டுவரச் செய்து முன்வைத்தான், கண்ணகி அதை உடைத்துச் சான்று காட்டினாள். கேட்ட முறையில் பிழை இல்லை, காலம்தான் தவறிவிட்டது. அந்தத் தாமதத்துக்கு மதுரை கொடுத்த விலை தெரிந்ததே. எளிதில் காண முடியாதவனாய், ஆராய்ந்து முறை செய்யாத அரசன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவர் செங்கோன்மையில் எச்சரிப்பது இதைத்தான்.

இலண்டனுக்குப் போன தமிழ்நாட்டு மனு

அரசனின் இடத்தில் கும்பெனி வந்து உட்கார்ந்தபோது முறையீடு கடல் தாண்ட வேண்டியதாயிற்று. 1852இல் சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று சென்னை சுதேசிகள் சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு கும்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அதற்குள் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குச் சென்னை மாகாணக் குடிகளின் குறைகளை எழுதிச் சங்கம் மனு அனுப்பியது. வரிவசூலில் நடந்த சித்திரவதை அதில் முக்கியமான குற்றச்சாட்டு. டான்பி சீமோர் என்ற உறுப்பினர் 1853இல் நேரில் வந்து பார்த்துப் போனார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் விவாதம் நடந்தது. சென்னை அரசு விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. 1855இல் அறிக்கை வந்தது. வரி கட்டாதவன் விரல்களை மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி என்னும் கருவி, அதே தமிழ்ப் பேரோடு ஆங்கில ஆவணத்தில் ஏறியது. நம் குடியானவன் பட்ட வேதனைக்குச் சான்று கிடைத்தது மனுவால்தான். வாள் எடுத்து அல்ல.

மலைக்கு இந்தப் பக்கமே இன்னொரு மரபு உண்டு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்ததல்லவா? அங்கே 1888இலேயே சட்டசபை வந்துவிட்டது. 1904இல் ஸ்ரீமூலம் பிரஜாசபை. ஆண்டுக்கு ஒருமுறை தாலுகாப் பிரதிநிதிகள் திருவனந்தபுரத்தில் கூடித் திவான் முன்னிலையில் குறைகளைச் சொன்னார்கள். சொன்னதும் பதிலும் அச்சாகின. 1912இல் அய்யன்காளி ஒடுக்கப்பட்ட தம் மக்களுக்கு நிலம் கேட்டுப் பேசியது அந்தச் சபையில்தான். சபையின் அதிகாரம் சிறிது என்று வரலாற்றாசிரியர்கள் குறைத்துப் பேசுவார்கள். திவான் காதில் விழுந்தது அச்சிலும் ஏறியது என்பதை நான் குறைவாக நினைக்கவில்லை.

டெல்லியில் ஒரு நாள்

இன்றைய அவைக்கு வருவோம். 543 உறுப்பினர் கொண்ட மக்களவை காலை 11 மணிக்குக் கூடும். பத்தில் ஒருவராவது இருந்தால்தான் அவை நடக்கும். முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகளுக்கு அமைச்சர் வாயால் விடை, துணைக்கேள்வியும் கேட்கலாம். மற்றவற்றுக்கு எழுத்தில் விடை. 12 மணிக்குத் தாள்களை அவைமுன் வைப்பார்கள். பிறகு பூஜ்ய நேரம். தொகுதிப் பிரச்சினை ஒன்றை 377ஆம் விதியின்கீழ் உறுப்பினர் படிக்கலாம். மீதி நேரம் மசோதாவுக்கும் மானியத்துக்கும். வெள்ளிக்கிழமை பிற்பகல் தனி உறுப்பினர் அலுவலுக்கு. கூச்சலும் ஒத்திவைப்பும் நீங்கள் தொலைக்காட்சியில் காண்பதே. அதைப் பற்றி எழுதி மையை வீணாக்க விரும்பவில்லை.

அந்த அலுவல் பட்டியலில் பலர் கண்ணில் படாத ஒரு வரி உண்டு: மனு அளித்தல். குடிமகன் எவனும் உறுப்பினர் ஒருவர் மூலமாக அவைக்கே மனுச் செய்யலாம். உறுப்பினர் எழுந்து, இத்தனை பேர் ஒப்பமிட்ட, இந்தப் பொருள் பற்றிய மனுவை அளிக்கிறேன் என்று ஒரே வாக்கியம் சொல்வார். அப்போது விவாதம் கிடையாது. மனு மனுக்கள் குழுவுக்குப் போகும். 15 பேர், அமைச்சர் எவரும் அதில் இருக்கக் கூடாது. குழு துறைச் செயலாளரை அழைத்து உட்காரவைத்துக் கேள்வி கேட்கலாம், சான்று வாங்கலாம், அவைக்கு அறிக்கை தரலாம். நற்சிங்கனிடம் நாட்டாரைக் கொண்டுவா என்றான் பாண்டியன். இங்கே அரசுத் துறையையே சான்றுக்கு அழைக்கிறார்கள். இந்த ஒரு வகையில் மக்களாட்சி பாண்டியனை மிஞ்சிவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன்.

கட்டுப்பாடுகளும் உண்டு. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கும், மாநிலச் சட்டமன்றம் பார்க்க வேண்டிய பொருளும் அங்கே செல்லாது. மொழி மரியாதையாக இருக்க வேண்டும். தமிழில் எழுதலாம்; கையொப்பமிட்ட இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு கூட இருக்க வேண்டும். எந்த அதிகாரிக்கும் நாட்டு மொழிகளுள் எதிலும் முறையிடலாம் என்று அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு உரிமை தந்திருக்கும்போது, அவை வாசலில் மட்டும் மொழிபெயர்ப்பு கேட்பது எனக்கு நெருடுகிறது. 2023 மே 28இல் புதிய அவையில் தமிழ்நாட்டுச் செங்கோலை நிறுவினார்கள். கோலுக்குக் கிடைத்த இடம் அந்தக் கோல் பிறந்த மொழியில் எழுதிய மனுவுக்கும் கிடைக்கட்டும்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை

நம் ஊரில் மனுவுக்குப் பஞ்சமில்லை. 2019 நவம்பர் 22இல் தனி மாவட்டம் ஆனதிலிருந்து திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம்தான். பட்டா, உதவித்தொகை, பாதை என்று வருகிறவர்கள் அங்கே வரத்தான் வேண்டும். ஆனால் டெல்லி முடிவுசெய்ய வேண்டியதையும் நாம் அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

பீடித் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். கடையத்திலும் ஆலங்குளத்திலும் தென்காசியைச் சுற்றியும் திண்ணைக்குத் திண்ணை தட்டை மடியில் வைத்து இலை வெட்டித் தூள் போட்டுச் சுற்றுகிற பெண்களுக்கு 1976இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் நலநிதி வந்தது. பீடிமேல் போட்ட தீர்வைதான் அதற்கு வருவாய். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது தீர்வை நின்றது. ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை ஆகியவற்றுக்கு நிலையான வருவாய் எது என்ற கேள்வி சட்டம் பற்றியது, பொதுநலம் பற்றியது, ஒன்றிய அரசு பற்றியது. ஆறு முறை இத்தொகுதியில் வென்ற மு. அருணாசலம் 1996இல் தொழிலாளர் துறைக்கே அமைச்சராக இருந்தார் என்பதையும் நினைத்துப்பாருங்கள். தொகுதிக்கும் துறைக்கும் உறவு புதிதல்ல.

மன்றத்துத் தம்பிமார்களே, விழா முடிந்ததும் சுவரொட்டி ஒட்டிய பசையைக் கழுவிவிட்டு இதில் இறங்குங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கு முன் மனு தயாராக வேண்டும். நாகனாரைப் போல வாதத்தை வரிசைப்படுத்தி, மணிவாசகரைப் போல ஒன்றே ஒன்று கேளுங்கள். கடிதமோ பத்திரிகைத் துணுக்கோ பின்னால் இணைக்காதீர்கள், விதி அனுமதிக்காது. சொல்ல வேண்டியது மனுவுக்குள்ளேயே இருக்கட்டும். ஒவ்வொருவர் பெயரும் முழு முகவரியும் தெளிவாக எழுதுங்கள். எழுதத் தெரியாத தாய்மார்கள் கைநாட்டு வைக்கலாம், அது செல்லும். பீடிக்கடையில் சரக்கைக் கொடுக்க மாலையில் வரிசையில் நிற்பார்கள். அங்கே போனால் கையொப்பத்துக்கு அலைய வேண்டியதில்லை. நம் உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் மேலொப்பமிட்டு அவையில் அளிக்கக் கேளுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பை நானே செய்து தருகிறேன்.